எப்பவும், எல்லாத்துலயும், என்னாலதான்

முதல் பயணம் வீண். விடாத சோர்வுக்கும் மனத்தளர்ச்சிக்கும் வைத்தியம் பார்க்கக் கடலூரில் பஸ் ஏறிப் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஓபி சீட்டு கொடுக்கும் ஜன்னல் மூடப்போகிற நேரம். "டைம் முடிஞ்சிடுச்சு, நாளைக்குக் காலையில வாங்க" என்றார் உள்ளே இருந்தவர், நிமிர்ந்தே பார்க்காமல். அப்போது மனசில் ஓடியது: "நான் போனா எந்தக் காரியமும் நடக்காது."

இரண்டாம் தடவை சீட்டு கிடைத்தது, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கையில் இல்லை. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும், பி12 குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே சோர்வும் மனத்தளர்ச்சியும் வரும். போகிறவர்கள் அந்த மூன்று ரிப்போர்ட்டையும், சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துப் போங்கள். ஒரு நாள் மிச்சமாகும்.

மூன்றாம் தடவை எல்லாம் சரியாக நடந்தது. வாரம் ஒருமுறை ஆலோசனை; தோன்றுகிற எண்ணம் உண்மைதானா என்று சோதித்துப் பார்க்க, மனநல மருத்துவர் ஏரன் பெக் 1960களில் உருவாக்கிய முறைப்படி வீட்டில் நோட்டு எழுத வேண்டும்.

கெட்டது நடந்தால் அதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணத்தை உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் மூன்றாகப் பிரித்தார்: இது நிரந்தரமா, எல்லாவற்றுக்கும் பரவுகிறதா, பழி நம் மேலா. நம் பேச்சில் எப்பவும், எல்லாத்துலயும், என்னாலதான். ஜன்னலில் தோன்றிய வாக்கியத்தில் மூன்றும் இருக்கின்றன. 'நான் போனா', 'எந்தக் காரியமும்', 'நடக்காது'. உண்மையில் நடந்தது, நேரம் தவறியது மட்டும். இந்தப் பழக்கம் உடம்பையும் விடாது. நடந்ததையே அசைபோட்டுத் தூக்கம் கெடும். 'போய் என்ன ஆகப்போகுது' என்று செக்கப் தள்ளிப்போகும்.

நோட்டில் ஐந்து பத்தி: நடந்தது, தோன்றியது, மனக்கஷ்டம் நூற்றுக்கு எவ்வளவு, சான்று (ஆம், இல்லை இரண்டுக்கும்), மாற்று வாக்கியமும் புது மதிப்பெண்ணும்.

முதல் இரண்டு வாரம் பாழ். ராத்திரி மொத்தமாக உட்கார்ந்து எழுதியது தப்பு. அதற்குள் நாள் முழுக்கக் கறுப்பாகிவிடும். அரை மணிக்குள் இரண்டு வரியாவது கிறுக்கிவிட வேண்டும். 'தோன்றியது' பத்தியில் "ஏன் எனக்கே இப்படி?" என்று எழுதியது அடுத்த தப்பு. கேள்விக்குச் சான்று தேட முடியாது. "எனக்கு மட்டும்தான் இப்படி" என்று வாக்கியமாக்கினால்தான் சோதிக்கலாம். எல்லாவற்றிலும் பெரிய தப்பு, கடைசிப் பத்தியில் "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று எழுதியது. 80 இருந்தது 80ஆகவே நின்றது. பாதியாவது நம்ப முடிகிற வாக்கியம்தான் வேலை செய்கிறது.

நவம்பரில் இது நன்றாகப் புரிந்தது. "இந்த மழையில வீடு போயிடும்", 90. கடலூர்க்காரரிடம் அதை வீண் பயம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம் மூன்றும் 'ஆம்' பக்கத்தில் ஏறின. 'இல்லை' பக்கத்தில், வீட்டுக்குள் தண்ணீர் வராத மழைக்காலங்களை வருஷம் போட்டு எழுதச் சொன்னார் ஆலோசகர். அந்தப் பட்டியல் நீளமாக இருந்தது. மாற்று வாக்கியம்: "தண்ணி வரலாம். பத்திரமும் ரேஷன் கார்டும் பரண்ல, பத்து நாள் மாத்திரை பையில, ஏறினா அக்கா வீடு." 50. பூஜ்யம் ஆகாது, ஆக வேண்டியதும் இல்லை.

இன்றைக்குச் செய்ய ஒன்றுமில்லாத கவலைக்கு தினம் 15 நிமிஷம் ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் வந்தால் குறித்துவைத்து அப்புறம் பார்க்கலாம். படுக்கப் போகும் முன் மட்டும் வேண்டாம், தூக்கம் போய்விடும். சாயங்காலம் ஆறு மணி எனக்குச் சரிப்பட்டது.

'வாழ்ந்து என்ன' என்ற எண்ணம் வந்தால் அதை நோட்டோடு விடக்கூடாது. 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

எட்டாம் வாரம் அதே ஜன்னல். "சர்வர் டவுன், வெயிட் பண்ணுங்க." நோட்டு வீட்டில். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன்: "இன்னிக்கு சர்வர் இல்ல." 30. பதினொன்றரைக்குச் சீட்டு வந்தது.