அல்பட்ராஸுக்கு இரண்டாவது மிதவை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய மாடல் கிட் (துண்டு துண்டாக வரும், நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பொம்மை) கண்ணில் பட்டால், பணத்தை நீட்டுவதற்கு முன் துண்டுகளை எண்ணிவிடுங்கள். 'பெட்டியே பிரிக்கல தம்பி' என்று சொல்லித்தான் என்னிடம் விற்றார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் ராமபாணப் பூச்சி செய்முறைத் தாளில் பாதியைத் தின்று முடித்திருந்தது.

உள்ளே இருந்தது மோனோகிராம் கம்பெனியின் 1/72 அளவு (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) கிரம்மன் அல்பட்ராஸ். 1947-ல் முதலில் பறந்த, கடலிலும் தரையிலும் இறங்கும் மீட்பு விமானம். கொரியப் போரில் தண்ணீரில் விழுந்த விமானிகளை அள்ளி வந்தது இதுதான். இறக்கைக்கு அடியில் பக்கத்துக்கு ஒரு மிதவை உண்டு. என் பெட்டியில் ஒன்றுதான் இருந்தது. திரும்பப் போய்க் கேட்டேன். 'அதான் ஒண்ணு இருக்குல்ல, ஒரு பக்கம் வச்சுக்கங்க' என்றார் கடைக்காரர். சண்டை போட்டுப் பயனில்லை.

பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை வாங்கி, இருந்த மிதவைக்கு எண்ணெய் தடவி, இரண்டு பாதியாக அச்சு எடுத்தேன். எம்-சீலைப் பிசைந்து அடைத்து, இறுகியதும் பாதிகளை ஒட்டி, வாட்டர் பேப்பரால் தேய்த்தேன். பெயிண்ட் அடித்த பிறகு எது அசல் என்று எனக்கே தெரியவில்லை!

உடலை ஒட்டுவது சுலபம்தான். ஆனால் மூடுவதற்கு முன் மூக்குக்குள் தூண்டில் ஈயக் குண்டுகளை நிறைய வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டி வாலில் உட்காரும். ஜன்னல் துண்டுகள் பக்கம் சூப்பர் குளூ போகவே கூடாது, அதன் ஆவி பட்டாலே வெள்ளை பூத்துவிடும். இன்னொன்று, ஆத்தங்குடி கல் பதித்த வளவில் உட்கார்ந்து வேலை பார்க்காதீர்கள். இடுக்கியிலிருந்து தெறித்த சக்கரக் கம்பி அந்தப் பூ டிசைனுக்குள் எங்கே போனதென்று அப்பத்தாதான் விளக்குமாற்றோடு வந்து கண்டுபிடித்தார்.

பெயிண்ட் அடுத்த தலைவலி. எனாமலும் தின்னரும் தீப்பிடிக்கும் சாமான் என்று சென்னையில் கூரியர்காரர்கள் பார்சலை வாங்கவே இல்லை. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் என்றால் பிரச்சினை இல்லை, அதைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளி நிறத்துக்கு பைக் ஸ்பேர் கடை ஸ்ப்ரே போதும். முதலில் பிரைமர் அடித்து, அப்புறம் தூரத்திலிருந்து லேசாகப் பல தடவை அடிக்க வேண்டும். வெள்ளியில் ஒரு கீறல்கூட மறையாது.

டெக்கால் தாள், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள் உள்ள தாள், மஞ்சளேறிக் கிடந்தது. ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டிவைத்தேன். நம்மூர் வெயில் அதைப் பளிச்சென்று வெளுத்துக் கொடுத்தது. ஆனால் தண்ணீரில் போட்டதும் முதல் துண்டு பொடிப்பொடியானது. மீதித் தாளுக்குக் கிளியர் வார்னிஷ் அடித்து, ஒவ்வொன்றாக ஓரம் வெட்டி நனைத்தேன், நட்சத்திரச் சின்னங்கள் பிழைத்தன. உடைந்தது மீட்புப் பிரிவின் கறுப்பு விளிம்பு வைத்த மஞ்சள் பட்டை. அதை மாஸ்கிங் டேப் ஒட்டிக் கையாலேயே தீட்டிவிட்டேன். டெக்காலைவிட நன்றாகவே வந்திருக்கிறது.