கிராமமும் நகரமும் ஒரே சொல்லில்

பிப்ரவரி 3, மால்மோ, ஸ்வீடன்

இங்கே ரயில் ஏறி ஓரெசுண்ட் பாலத்தைத் தாண்டினால் முக்கால் மணி நேரத்துக்குள் டென்மார்க்கின் கோபன்ஹேகன். அதற்குள் ஒரு சொல்லுக்குப் பொருள் மாறிவிடுகிறது. ரோமன் எழுத்தில் பி, ஒய் என்று இரண்டே எழுத்து; ஏறக்குறைய 'ப்யூ' என்று ஒலிக்கும். ஸ்வீடிஷ்காரர்களுக்கு அது கிராமம். டேனிஷிலும் நார்வீஜியனிலும் நகரம். கோபன்ஹேகனும் ஆஸ்லோவும்கூட அதுதான். டேனிஷ்காரர் வெள்ளிக்கிழமை மாலை 'ப்யூவுக்குப் போகிறேன்' என்றால் பார், ரெஸ்டாரன்ட் என்று ஒரு சுற்று வரப்போகிறார். வயல் பார்க்க அல்ல.

பிப்ரவரி 4

உச்சரிப்பு பற்றி. 'ஈ' சொல்லும்போது நாக்கு இருக்கும் இடத்திலேயே இருக்க, உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவிக்க வேண்டும். தமிழில் அந்த ஒலி இல்லை. 'பீ' என்று எழுத மனம் வரவில்லை, காரணம் சொல்லத் தேவையில்லை. ஆகவே ப்யூ.

பிப்ரவரி 9

இந்த வடநாட்டு மொழிகளுக்கெல்லாம் மூதாதையான பழைய நார்ஸ் மொழியில் 'பூவா' என்றால் குடியிருத்தல். அதிலிருந்து வந்ததுதான் இந்தச் சொல். முதலில் ஒரு குடும்பத்தின் பண்ணை, பிறகு பண்ணைகள் சேர்ந்த குடியிருப்பு. நார்வேயில் டெலமார்க் பகுதியில் 'போ' என்றே ஓர் ஊர் உண்டு, அதுவும் இதே சொல்லின் இன்னொரு வடிவம். ஐஸ்லாந்திலோ 'பைர்' என்பது இன்றைக்கும் பண்ணை, நகரம் இரண்டுக்கும் பொருந்தும்.

இன்னும் பின்னால் போனால் வேர் நமக்குத் தெரிந்த இடத்துக்கு வருகிறது. சமஸ்கிருத 'பூ' என்ற வினைவேர், அதாவது 'ஆதல், இருத்தல்'. நாம் சாதாரணமாகப் புழங்கும் 'பூமி' அங்கிருந்து வந்ததுதான். இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் அந்த ஒரே வேர், வடக்கே போய் ஊராகியிருக்கிறது.

சரி, ஸ்வீடனில் மட்டும் ஏன் கிராமமாகவே நின்றுவிட்டது? இடைக்காலத்தில் ஜெர்மன் வணிகர்களோடு ஏற்பட்ட பழக்கத்தில், நகரம் என்ற பொருள் 'ஸ்டாட்' என்ற சொல்லுக்குப் போய்விட்டது. ஸ்டாக்ஹோம் ஒரு ஸ்டாட். டேனிஷ்காரர்களிடமும் அந்தச் சொல் இல்லாமல் இல்லை. தலைநகரத்துக்கு அவர்கள் சொல்வது 'ஹோவெட்ஸ்டாட்'. கிராமத்தைக் குறிக்க முன்னால் ஒரு 'லான்ட்ஸ்' சேர்த்து 'லான்ட்ஸ்ப்யூ' என்பார்கள். நம் 'ஊர்' மாதிரிதான்: சென்னைக்காரரையும் 'எந்த ஊர்?' என்றுதான் கேட்கிறோம்.

பிப்ரவரி 16

லுண்ட் பக்கத்தில் டால்பி என்று ஓர் ஊர். 'டால்' பள்ளத்தாக்கு, கடைசியில் உள்ள 'பி' நம் ப்யூதான், ஆக பள்ளத்தாக்கூர். 1658 வரை இந்த வட்டாரம் டென்மார்க்கின் கையில் இருந்தது. அப்புறம்தான் ஸ்வீடன். பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஸ்டாக்ஹோமின் ரிங்கெபி, ஹுஸ்பி இரண்டும் இன்று அடுக்குமாடிகள் நிறைந்த புறநகரங்கள், உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் வாழும் இடங்கள். பெயரில் மட்டும் இன்னும் கிராமம். நகரத்துக்குப் 'ப்யூ' என்று சொல்லாத நாட்டில் இது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 20

ஸ்வீடிஷில் இதே எழுத்துகளில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: திடீரென்று வீசும் பலத்த காற்று. மழையோடு வந்தால் 'ரெங்ன்ப்யூ'. ஊருக்கும் அதற்கும் உறவு கிடையாது.

மார்ச் 2

வைக்கிங்குகள் இந்தச் சொல்லைக் கப்பலில் ஏற்றிப் போயிருக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டில் டேனிஷ் படைகள் குடியேறிய இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் ஊர்ப்பெயர்களுக்குக் கடைசியில் 'பி' நிறைய: கிரிம்ஸ்பி, விட்பி, செல்பி. டெர்பிக்கு அதற்கு முன்னால் நார்த்வொர்த்தி என்று பெயர். வந்தவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. டால்பிகூட அங்கே உண்டு. ரக்பி மட்டும் கொஞ்சம் ஏமாற்றும்: அது முதலில் கோட்டையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லில் முடிந்த பெயர், பிறகுதான் 'பி'யாகத் திரிந்தது.

சங்கங்களில் 'பைலா' என்கிறோமே, அதன் முன்பாதியும் இந்த ஊர்தான் என்று அகராதிகள் சொல்கின்றன. ஊர்க் கட்டுப்பாடு என்பதே முதல் பொருள். ஆனால் 'பை-எலெக்‌ஷன்' வேறு கதை, அங்கே 'பை' பக்கத்தைக் குறிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஹஸ்பண்ட்'. நார்ஸில் 'ஹுஸ்', வீடு. 'போண்டி', 'பூவா'விலிருந்து வந்தது, குடியிருப்பவன். வீட்டின் சொந்தக்காரன் என்ற பொருளில் இங்கிலாந்துக்குப் போன சொல், அங்கே கணவனாகிவிட்டது. ஸ்வீடிஷில் 'போண்டெ' இன்றும் விவசாயிதான்.