நாலு மணிப் பசி

சாயங்காலம் டீக்கடைப் பழம்பொரி வாசனைக்குக் கிளம்புறதெல்லாம் பசி இல்லை. வயித்துப் பசி மெல்ல ஏறும்: முதல்ல வயிறு காலியான உணர்வு, இரைச்சல், அப்புறம் எரிச்சல், கவனக்குறைவு. அப்போ மரச்சீனியும் மீன்கறியும் ஆனாலும் சரி, பழஞ்சோறானாலும் சரி. ஆசைன்னா பழம்பொரியேதான் வேணும்னு நிக்கும். ஆசைக்குச் சாப்பிடுறதும் தப்பில்லை, தெரிஞ்சே சாப்பிடுங்க.

காலையில வெறும் கட்டன்சாயாவோட மத்தியானம் வரை தள்ளாதீங்க. பசி அமுங்கும், போகாது. ரெண்டு மணிக்கு அள்ளி அள்ளித் தின்ன வைக்கும். வயிறு நிறைஞ்ச சேதி மூளைக்குப் போக சுமார் 20 நிமிஷம் ஆகும். அதனால பாதிச் சோத்துல கையை நிறுத்தி வயித்தைக் கவனியுங்க.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்களுக்கு நடுக்கமும் வியர்வையும் வந்தா, அது ரத்தத்துல சர்க்கரை ரொம்ப இறங்கினதா இருக்கலாம்; பசியான்னு யோசிச்சுட்டு இருக்கக் கூடாது, உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடிக்கணும்.