எத்தனை முறை கழுவுவது?

ஜூன் 3, 2024, திங்கள்

மின்சாரம் கொடுத்தால் ஒளிரும் தகடு செய்ய, பெரோவ்ஸ்கைட் புள்ளிகள் என்னும் மிக நுண்ணிய படிகங்களை இன்று தயாரித்தேன். அதற்கான சீசியம் ஓலியேட்டைக் காலையிலிருந்தே சூடாக வைத்திருந்தேன். ஆறினால் உறைந்து ஊசியை அடைத்துவிடும். குடுவையில் காரீய புரோமைடு 170 டிகிரியில் தயாராக இருந்தது. ஊசியை ஒரே மூச்சில் அழுத்தினேன். தெளிந்திருந்த கரைசல் கண்ணிமைப்பதற்குள் பச்சை கலந்த மஞ்சளானது. ஐந்து வரை எண்ணி, குடுவையைப் பனிக்கட்டி நீரில் இறக்கினேன். படிகம் வளர ஓரிரு விநாடியே போதும்; அதன் அளவைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான்.

2015-இல் சூரிச்சில் வேதியியலாளர் கோவலென்கோவின் குழுவினர் வெளியிட்ட செய்முறை இது. எத்தனை முறை செய்தாலும் புறஊதா விளக்கைக் காட்டும் நொடியில் நெஞ்சு படபடக்கிறது. வெயில் பட்ட நாற்றங்காலின் பச்சை! புள்ளிகள் உமிழும் ஒளியின் அலைநீளம் 514 நானோமீட்டர். அந்த ஒளி பரவியிருக்கும் அலைநீளப் பட்டையின் அகலம் 20 நானோமீட்டர் மட்டுமே. இவ்வளவு தூய பச்சைக்காகத்தான் திரை செய்பவர்கள் இந்தப் பெரோவ்ஸ்கைட் புள்ளிகளை விரும்புகிறார்கள்.

ஜூன் 5, புதன்

கழுவும் நாள். ஒவ்வொரு புள்ளியையும் ஒலீயிக் அமிலம், ஒலீலமைன் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் போர்த்தியிருக்கின்றன. 18 கார்பன் நீளமுள்ள அந்தச் சங்கிலிகள் இல்லாவிட்டால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதிகமாக இருந்தாலோ மின்சாரம் உள்ளே நுழையாது. அதிகப்படியை நீக்க எத்தில் அசிட்டேட் என்னும் கரைப்பானை ஊற்றி மையவிலக்கில் சுழற்றினேன். முதல் கழுவலில் ஒளி குறையவில்லை. இரண்டாவதில் சற்று மங்கியது. மூன்றாவதில் கரைசல் கலங்கி அடியில் படிந்துவிட்டது. போர்வை கழலும்போது மேற்பரப்பின் புரோமைடையும் இழுத்துச் செல்கிறது. அந்தக் காலியிடங்களில் ஒளி வீணாகிறது.

ஜூன் 6, வியாழன்

நீல நிறத்துக்குக் குளோரைடு கலந்து பார்த்தேன். மின்னழுத்தம் கொடுத்ததும் குளோரைடும் புரோமைடும் பிரிந்து, நிறம் பச்சைப் பக்கம் நகர்ந்தது. இப்போதைக்குப் பச்சையே போதும்.

ஜூன் 11, செவ்வாய்

கண்ணாடித் தகட்டில் அடுக்கடுக்காகப் பூசி, மேலே அலுமினியம் ஆவியாக்கிப் படியவைத்தேன். ஒருமுறை கழுவிய புள்ளிகள் 6 வோல்ட்டில்தான் மினுங்கின. இருமுறை கழுவியவை அதற்கு முன்பே ஒளிர்ந்தன. ஆனால் பொட்டுப் பொட்டாகக் கருத்துவிட்டன. 2014-இல் கேம்பிரிட்ஜில் அறை வெப்பநிலையில் ஒளிர்ந்த முதல் பெரோவ்ஸ்கைட் டையோடுகளின் (எல்.இ.டி.) மின்சாரத்தை ஒளியாக்கும் திறன் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை; 2018-இலேயே அது 20 சதவீதத்தைத் தாண்டியது. படிகத்தை மாற்றியதைவிட அதன் மேற்பரப்பைப் பேணியதே இந்தப் பாய்ச்சலுக்குப் பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜூன் 14, வெள்ளி

இருமுறை கழுவிய புள்ளிகளில் டைடோடெசில் டைமெத்தில் அம்மோனியம் புரோமைடு என்னும் உப்பின் கரைசலைச் சில துளி சேர்த்தேன். குட்டையான போர்வையும் கிடைக்கிறது, இழந்த புரோமைடும் திரும்புகிறது. மங்கியிருந்த கரைசல் என் கண் முன்னே மீண்டும் பளிச்சிட்டது.

மாலையில் அந்தப் புள்ளிகளைப் பூசிய தகடு 3 வோல்ட்டிலேயே ஒளிர்ந்தது. ஒரு கருப்புப் பொட்டுகூட இல்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கைரேகைகூட அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. பதினோராம் நிமிடத்தில் ஒளி பாதியாகிவிட்டது. மங்கல் தொடங்கியது விளிம்பிலிருந்து. மூடியின் ஒட்டு வழியாக ஈரம் நுழைந்ததா என்று நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக, அந்தத் தகட்டை ஈரமில்லாத நைட்ரஜன் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.