எண்ணூர்க் கழிவெளிக்குப் போகிறவர்கள் திரும்பும் வழியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்

எண்ணூருக்குப் போகிறேன் என்றால் தென்சென்னை நண்பர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். சாம்பலும் புகையும் கன்டெய்னர் லாரியும் பார்க்கவா விடியற்காலையில் எழுந்து போகிறாய் என்பார்கள். அவர்கள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் புகைக்கும் லாரிக்கும் நடுவில்தான் கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிறது. அலையாத்திச் செடிகள் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகள் அந்தச் சேற்றில்தான் இறங்கி மேய்கின்றன. தண்டையார்பேட்டையில் வளர்ந்த எனக்குக் காடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது இது ஒன்றுதான்.

இந்தத் தடவை கூட வந்தது பெரியம்மா மகள். ஒரு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியர். அக்கா கூட வந்ததால், பறவை பார்க்கக் கிளம்பிய பயணம் பாதிக்கு மேல் பாம்புப் பேச்சாகவே போய்விட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை.

கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினோம். 2021-இல் இருந்து விம்கோ நகர் வரை மெட்ரோவும் ஓடுகிறது. ஆனால் எண்ணூருக்கு மின்சார ரயில்தான் நேரடி. கொருக்குப்பேட்டை தாண்டியதுமே அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"அங்க ஏதாவது கடிச்சிடுச்சுன்னா எங்க ஓடுவ?"

"ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு."

"எப்படி?"

சுமார் 15 கிலோமீட்டர், ஆட்டோ பிடித்தால் போயிற்று என்றேன். "துறைமுகத்துக்குப் போற லாரி வரிசையில ஆட்டோ நின்னா?" என்றாள். எண்ணூர் விரைவுச் சாலையைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். சில நாள் அந்த வரிசை நகரவே நகராது. பாம்புக்கடிக்கு முதலுதவி என்றால் பெட்டியில் என்ன வைத்திருக்கிறோம் என்றுதான் நாம் யோசிக்கிறோம். அக்காவின் கணக்கு வேறு. விஷமுறிவு மருந்தும் செயற்கை சுவாசக் கருவியும் உள்ள இடம் எது, அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரம், எந்த வழி என்பதை நடக்கத் தொடங்கும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்வதுதான் முதலுதவியில் முக்கால்வாசி என்கிறாள். 108-ஐ அழைக்கும்போது முதல் வாக்கியத்திலேயே பாம்புக்கடி என்று சொல்லிவிட வேண்டும். எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

காட்டுக்குப்பத்தில் தெரிந்த மீனவர் அண்ணன் ஒருவர் ஃபைபர் படகோடு காத்திருந்தார். ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், மறுபக்கம் அலையாத்திப் பச்சை. நடுவில் நாங்கள். கொஞ்ச தூரம் போனதும், முந்தின இரவு போட்ட வலையை இழுத்தார். கெளுத்தி, சில நண்டு, அப்புறம் சாம்பல் நிறத்தில் ஒரு பாம்பு. நான் படகின் மறு ஓரத்துக்குப் போய்விட்டேன்.

"இது ஒண்ணும் பண்ணாதுபா, தண்ணிப் பாம்பு" என்று சிரித்தார் அண்ணன். குச்சியால் வலையைத் தளர்த்தியதும் அது நழுவி ஓடிவிட்டது. இந்தக் கழிமுகத்துத் தண்ணீர்ப் பாம்புகளின் வால் ஒல்லியாக, கூராக முடியும். கடற்பாம்பின் வால் இரு பக்கமும் நசுங்கித் தட்டையாக இருக்கும். ஆழ்கடல் வலையில் வருவது அந்தத் தட்டை வால்தான் என்றார். அதை மட்டும் அவரும் கையால் தொடுவதில்லை.

கடற்பாம்பு கடித்தால் பெரும்பாலும் வலி தெரியாது, வீக்கமும் இருக்காது. வலையில் இருந்த முள் குத்திவிட்டது என்று நினைத்து வேலையைத் தொடர்ந்துவிடுவார்கள். அரை மணியோ சில மணி நேரமோ கழித்து உடம்பெல்லாம் தசைவலி, தாடை இறுக்கம். சிறுநீர் பழுப்பாகப் போக ஆரம்பித்தால் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்துக்குப் போகிறது என்று அர்த்தம். இதில் ஒரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது. கடற்பாம்புக்கு அது பயன்படாது. அப்படியானால் மருத்துவமனைக்குப் போய் என்ன செய்வது என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். மூச்சு நின்றால் கருவி வைக்கலாம், சிறுநீரகம் கெட்டால் டயாலிசிஸ் செய்யலாம், அதுவே உயிரைக் காப்பாற்றும் என்றாள் அக்கா.

அண்ணன் விடவில்லை. "கடிவாய்க்கு மேல கயிற இறுக்கிக் கட்டிட்டா விஷம் ஏறாதுல்ல?"

படத்தில் கதாநாயகன் வேட்டியைக் கிழித்துக் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அக்கா பொறுமையாகச் சொன்னாள். இறுக்கிக் கட்டினால் அந்தக் காலுக்கு ரத்தமே போகாது. விரியன் விஷமாக இருந்தால் அது ஒரே இடத்தில் தேங்கிச் சதையை அழுகவைக்கும். காலையே எடுக்க வேண்டி வரலாம். யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் நடுவழியில் சட்டென்று அவிழ்க்கவும் கூடாது. தேங்கிய விஷம் மொத்தமாக மேலே ஏறிவிடும். அதை மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் அவிழ்க்க வேண்டும். பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, பாம்புக்கல் ஒட்டுவது, வேப்பிலையைத் தின்னக் கொடுத்துக் கசக்கிறதா என்று கேட்பது எல்லாமே நேரத்தைத் தின்கிற வேலை. கடைசியாகச் சொன்னதை என் பாட்டியே செய்திருக்கிறார்.

சரி, செய்ய வேண்டியது என்ன? கரையேறியதும் அக்கா என் காலையே பிடித்துச் செய்துகாட்டினாள். கேமரா ஸ்டாண்டின் ஒரு காலை நீட்டி என் காலோடு சேர்த்துவைத்து, துண்டால் மூன்று இடத்தில் கட்டினாள். எலும்பு முறிந்தால் கட்டுவது போலத்தான், ஆனால் துணிக்கும் தோலுக்கும் நடுவே விரல் நுழையும் அளவு தளர்வாக. அசைத்தால் தசை சுருங்கி விஷத்தை வேகமாகத் தள்ளும். அதனால் கடிபட்டவர் ஓடக் கூடாது, முடிந்தவரை நடக்கவும் கூடாது. மோதிரம், கொலுசு, மெட்டி, வாட்ச் எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிட வேண்டும். வாந்தி வந்தாலோ மயங்கினாலோ இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். பைக்தான் கிடைத்தது என்றால் கடிபட்டவரை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். எங்கள் விஷயத்தில், கருவேலங்காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் நடத்தி வருவதைவிடப் படகைக் கூப்பிடுவதே மேல் என்று முடிவானது. அண்ணனின் எண் இருவர் போனிலும் ஏறியது அப்போதுதான்.

அந்தப் பாதை பக்கிங்காம் கால்வாய்ப் பக்கம் போகிறது. இரு பக்கமும் சீமைக்கருவேலம், கட்டட இடிபாடு, குப்பை. குப்பை இருந்தால் எலி, எலி இருந்தால் பாம்பு. கண்ணாடி விரியன் உருவத்தில் கனத்தது, நகர்ந்து ஓடுவதைவிடச் சுருண்டு கிடப்பதையே விரும்பும். நெருங்கினால் குக்கர் விசில் போல நீளமாகச் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் நின்று, பின்வாங்க வேண்டும். அது கடித்தால் வலியும் வீக்கமும் உடனே வரும், ஈறில் ரத்தம் கசியும். மருத்துவமனையில் அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. புதிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

அக்கா அதிகம் பயப்படுவது கட்டுவிரியனுக்கு. ராத்திரியில் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடிக்கும்போது பல பேர் தூக்கத்திலிருந்து விழிப்பதுகூட இல்லை. பல் பதிந்த தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார்கள். கண் இமை தொங்கும், பேச்சு குழறும். தூக்கக் கலக்கம் என்றோ ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை என்றோ வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் மூச்சுத் தசைகள் செயலிழக்கத் தொடங்கிவிடும். கண்ணைத் திறக்க முடியாமல், கையை அசைக்க முடியாமல் கிடப்பவருக்கு நாம் பேசுவது எல்லாம் காதில் விழும் என்று அவள் சொன்னபோது நான் கேமராவை மூடிவிட்டேன். பிழைக்கமாட்டார் என்று பக்கத்தில் நின்று அழாதீர்கள் என்று உறவினர்களிடம் சொல்வதே அவளுடைய வேலையில் ஒரு பகுதியாம். கருவி மூலம் சுவாசம் கொடுத்துக் காத்திருந்தால் பலர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள்.

பாம்பைத் துரத்திப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதும் ஒரு பழக்கம். தேவையே இல்லை. முன்பு சொன்ன நான்கு பாம்புக்கும் ஒரே மருந்து. மருத்துவர் உடம்பில் தெரியும் அறிகுறியைப் பார்த்துத்தான் கொடுக்கிறார், வழக்கமாக 10 குப்பியில் ஆரம்பிக்கிறார். குழந்தைக்கும் பெரியவருக்கும் அதே அளவுதான், ஏனென்றால் ஆளின் எடையைப் பார்த்தா பாம்பு விஷத்தை இறக்குகிறது? தூரத்திலிருந்து போட்டோ எடுக்க முடிந்தால் எடுக்கலாம். செத்த பாம்பின் தலையைக்கூடத் தொடக் கூடாது, அதுவும் கடிக்கும். கடித்த நேரத்தைக் குறித்துவைப்பது போட்டோவைவிட உபயோகமானது.

திரும்பும்போது முழங்கால் சேற்றில் இருளர் பெண்கள் சிலர் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு வேலை செய்கிறார்கள். பாம்பு பயம் இல்லையா என்று கேட்டதற்கு ஒரு அம்மா வாயிலிருந்து பறியை எடுத்து, "சாம்பத் தண்ணிதான் தம்பி பயம், இறாலே இல்ல" என்றார். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத்தரும் விஷத்தில் இருந்துதான் நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே சமூகத்துப் பெண்கள் இங்கே சாம்பல் கலந்த சேற்றில் இறாலைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். விருதைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் கட்சி.

ரயிலில் அக்கா இன்னொன்று சொன்னாள். 2024-இல் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கிவிட்டது. இப்போது ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்தப் பகுதிக்கு எவ்வளவு மருந்து தேவை என்று கணக்குப் போட இது உதவும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கணுக்கால் மூடும் ஷூவும் தடித்த பேன்ட்டும் போடுங்கள், செருப்பு வேண்டாம். இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள், முடியாவிட்டால் டார்ச் இல்லாமல் ஓர் அடி எடுத்துவைக்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள். கழிவெளியில் கதவு எண்ணோ தெருப் பெயரோ கிடையாது, 108-இல் இடம் கேட்டால் திணறிப்போவீர்கள். பக்கத்தில் உள்ள உயர் அழுத்த மின்கோபுரத்தில் எண் எழுதிய தகடு இருக்கும். அதையும் கிட்டத்தில் உள்ள குப்பத்தின் பெயரையும் நடக்கும்போதே போனில் குறித்துக்கொள்ளுங்கள்.