தேக்குக் கதவில் சிக்குக் கோலம்: கோடுகளை வடிவமாக்கிய அனுபவம்

பூஜை அறைக் கதவில் கடைப் பூவேலை வேண்டாம், அம்மா வாசலில் போடும் சிக்குக் கோலமே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். சிஎன்சி (கணினி இயக்கும் செதுக்கு மெஷின்) பட்டறைக்காரர் ஒன்று மட்டும் சொன்னார்: "ஷேப்பா கொண்டு வாங்க தம்பி, வெறும் லைனா இருந்தா வீ-கார்விங் ஓடாது."

வீ-கார்விங் என்றால் V வடிவ பிட்டால் (வெட்டும் முனை) மரத்தில் பள்ளம் செதுக்குவது. அதற்கு வெறும் கோடு ஏன் போதாது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். திரையில் 4 மி.மீ. தடிமனாகத் தெரியும் கோடு உண்மையில் ஒரு பாதை மட்டுமே. டிஎக்ஸ்எஃப் (மெஷினுக்குக் கொடுக்கும் வரைபடக்) கோப்பாக எடுத்தால் தடிமன் போய் நடுக்கோடுதான் மிஞ்சும். வீ-கார்விங்குக்கு வாய்க்கால் மாதிரி இரண்டு பக்கமும் கரை வேண்டும். கரைகளுக்கு இடையே எவ்வளவு அகலமோ, அதைப் பொறுத்துத்தான் பிட் கீழே இறங்கும்.

வரைய இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டேன். இலவசம், இந்த வேலைக்குத் தாராளம். கோலத்தின் போட்டோவை 'டிரேஸ் பிட்மேப்' செய்தால் (படத்தை மென்பொருளே பாதையாக மாற்றுவது) மாவின் பிசிறெல்லாம் கரையாகிவிடுகிறது, நூற்றுக்கணக்கில் நோடுகள் (பாதையை வளைக்கும் புள்ளிகள்). அதனால் போட்டோவை அடி லேயரில் பூட்டிவிட்டு, மேலே பென் டூலால் கால் பங்குக் கோலத்தை மட்டும் வரைந்தேன். அதை 90 பாகையாகச் சுழற்றி நான்கு நகல் வைத்தால் முழுக்கோலம் வந்துவிடும். நுனிகள் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரிந்தால் போதாது. ஸ்நாப்பிங் (அருகில் உள்ள புள்ளியோடு தானே ஒட்டவைக்கும் வசதி) போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, இரண்டு நோடையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்+ஜே கொடுத்து இணைக்க வேண்டும்.

அடுத்து அகலம். இதை பிட்டைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். முனைக் கோணம் 90 பாகை உள்ள வீ பிட்டில் அகலத்தில் பாதி ஆழம்: 4 மி.மீ. கோட்டுக்கு 2 மி.மீ. அதே கோடு 60 பாகை பிட்டில் கிட்டத்தட்ட மூன்றரை மி.மீ. இறங்கும். எங்கள் பேனல் 12 மி.மீ. பலகைதான் என்பதால் 90 பாகையே போதும் என்று வைத்துக்கொண்டேன்.

மூலக் கோட்டை ஒரு தனி லேயரில் நகலெடுத்து மறைத்து வைத்துவிட்டு, 'ஸ்ட்ரோக் டு பாத்' கொடுத்தேன். கோடு பட்டையாகிவிட்டது, ஆனால் வேலை முடியவில்லை. சிக்குக் கோலத்தில் கோடு தன்னையே எத்தனையோ இடத்தில் வெட்டிக்கொண்டு போகும். அங்கெல்லாம் கரையின் மேல் கரை ஏறி நிற்கும். 'யூனியன்' கொடுத்ததும் அந்த உள்கோடுகள் மறைந்து, புள்ளியைச் சுற்றியுள்ள மரம் தனித்தனித் தீவாக நின்றது.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் அந்தச் சந்திப்புகளில்தான் இருந்தது. செதுக்கலின் முன்னோட்டத்தில் கோடுகள் குறுக்கிடும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு குழி விழுந்தது. 4 மி.மீ. பட்டைகள் இரண்டு செங்குத்தாக வெட்டும் இடத்தில், நான்கு மூலைக்கும் நடுவே அடங்கும் வட்டம் சுமார் 5.7 மி.மீ. விட்டம், ஆகவே பிட் 2.8 மி.மீ. வரை இறங்குகிறது. ஒரே சீராக ஓட வேண்டிய இழை முடிச்சு முடிச்சாகத் தெரியும். அதிகபட்ச ஆழத்தை 2 மி.மீ. என்று கட்டியதும் குழிகள் அடங்கின. புள்ளிகளையும் 4 மி.மீ. வட்டமாகவே வைத்தேன், அப்போதுதான் இழையும் புள்ளியும் ஒரே ஆழத்தில் நிற்கும்.

பட்டறையில் முதலில் கழிவுத் துண்டில் ஓட்டிப் பார்த்தோம். பலகை அரை மி.மீ. மேடு பள்ளமாக இருந்தாலே 90 பாகை பிட்டில் கோட்டின் அகலம் ஒரு மி.மீ. மாறிவிடும், இழையின் அழகே போய்விடும். அதனால் பேனலை மெஷினிலேயே சமமாக்கிய பிறகுதான் கோலத்தைத் தொட்டோம்.

மறைத்து வைத்த அந்தக் கோட்டு லேயரை வைத்து, அடுத்து நிலைப்படியின் மேல்கட்டைக்கு 6 மி.மீ. அகலத்தில் எடுக்கிறேன். ஆழம் 3 மி.மீ. என்று பட்டறைக்காரரிடம் சொல்லியாயிற்று.