டார்க்ஸ்டீல் மிர் ஏன் இறந்தது?

கனடாவிலிருந்து வந்த சித்தப்பா இரண்டு கட்டு ‘மேஜிக்: த கேதரிங்’ அட்டைகளைக் கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் விட்டுப்போனார். 1993 முதல் வெளிவரும் விளையாட்டு. நானும் அக்காவின் மகனும் பொழுதுபட்டதும் விறாந்தையில் பாய் விரித்து அமர்வோம். ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி, அவற்றுக்குப் புளியங்கொட்டைகள்.

விளையாடப் பழகுவது சுலபமாகவே இருந்தது. களத்தில் நின்று சண்டையிடும் அட்டைக்கு உயிரி என்று பெயர். அது எப்போது இறக்கிறது என்பதில்தான் மாதக்கணக்கில் தடுமாறினோம்.

மருமகனிடம் டார்க்ஸ்டீல் மிர் என்ற உயிரி இருந்தது. வலு 0, தாங்குதிறன் 1, அழிக்க முடியாதது. அதன் மேல் நான் டிஸ்ஃபிகர் என்ற மந்திர அட்டையைப் போட்டேன். அந்த முறை முடியும்வரை இரண்டிலும் 2 குறையும். “மாமா, இதை அழிக்க ஏலாது என்று அட்டையிலேயே இருக்கிறதே” என்றான். நியாயம் என்று விட்டுக்கொடுத்தேன். அது பிழை.

அதே வாரம் அம்மம்மா எங்களைக் கண்டித்தார். விளக்கு வைத்த பிறகு ‘செத்தது, செத்தது’ என்று வீட்டில் சத்தம் போடக் கூடாது. அந்தச் சொல்லை அவர் வாழ்நாளில் கேட்டது போதும். அன்றிலிருந்து ‘களத்திலிருந்து குவியலுக்குப் போனது’ என்று சொல்லத் தொடங்கினோம்.

வேலைக்காக ஏ9 வீதியில் வவுனியாவுக்குப் போகும் பஸ்ஸில், 200 பக்கங்களைத் தாண்டும் அதிகாரபூர்வ விதித்தொகுப்பைக் கைபேசியில் படித்துக்கொண்டு போனேன். மாங்குளம் தாண்டும்போது விதி 700.4 கண்ணில் பட்டது. இறத்தல் என்றால் களத்திலிருந்து இடுகாட்டுக்கு, அதாவது கழிந்த அட்டைகளின் குவியலுக்குப் போவது. அவ்வளவுதான். அம்மம்மாவுக்காக நாங்கள் மாற்றிச் சொன்னதே விதியாக அங்கே இருந்தது! எப்படிப் போனது என்பது அதில் இல்லை.

அதன் பிறகு 704.5 தெளிவாகப் புரிந்தது. ஒரே முறையில் பட்ட சேதம் தாங்குதிறனை எட்டினால் உயிரி அழிக்கப்படும். அழிக்க முடியாதது அங்கே தப்பிவிடும். தாங்குதிறனே 0 அல்லது அதற்குக் கீழே போனால் அழித்தல் என்ற பேச்சே இல்லை, நேரே இடுகாடுதான். என் டிஸ்ஃபிகர் மிரைக் கொன்றிருக்க வேண்டும். பலி கொடுத்தாலும் இறப்புத்தான். அட்டை இல்லாமல் வில்லை வைத்துக் குறிக்கும் உயிரியும் இடுகாட்டைத் தொட்ட பிறகே மறையும், ஆகவே அதுவும் இறப்பு. ஆனால் இடுகாட்டுக்கு அனுப்பாமல் அப்புறப்படுத்தும் நாடுகடத்தல் இறப்பு அல்ல. ஸ்வோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ் என்ற நாடுகடத்தும் அட்டையால் அவன் என் உயிரிகளை அகற்றியபோதெல்லாம், ஓர் உயிரி இறந்தால் அவனிடமிருந்து ஒரு புள்ளியை எனக்கு வாங்கித் தரும் என் பிளட் ஆர்ட்டிஸ்ட் உயிரியைக் காட்டி நான் புள்ளி வாங்கியிருந்தேன். அதை அன்றிரவே அவனிடம் சொன்னேன்.

போன சனிக்கிழமை அவன் டே ஆஃப் ஜட்ஜ்மென்ட் போட்டு எல்லா உயிரிகளையும் அழித்தான். அவனுடைய 3, என்னுடைய 1, அதோடு என் பிளட் ஆர்ட்டிஸ்ட். ஒரே நேரத்தில் போகும் உயிரிகளையும் தன்னையும் பிளட் ஆர்ட்டிஸ்ட் சேர்த்தே எண்ணும். விதியைத் திறக்கக் கைபேசியை எடுத்தேன். “வேண்டாம் மாமா, தெரியும்” என்றபடி தன்னிடமிருந்த 7 புளியங்கொட்டைகளில் ஐந்தை ஒவ்வொன்றாக என் பக்கம் நகர்த்தினான். பாயில் அவனுடைய மிர் மட்டும் அசையாமல் கிடந்தது.